சாவுக்குப் போகிற ஷூ

வில்மா ரென்னியின் பாதங்களைப் பற்றி வாயைத் திறந்தவர்கள் யாரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பியதில்லை. ஆள் குள்ளம், அதனால் பாதத்தின் நீளம் கொஞ்சம்தான். அகலத்தை மட்டும் ஆண்டவன் தாராளமாக அள்ளிப் போட்டிருந்தான். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு துறைமுகத்து மீன் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள், ஹாடக் மீன்களின் வயிற்றைக் கீறிக் கீறியே ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஈரத் தரையில் நின்ற நிற்பில் பாதம் பரந்துவிட்டது. பெருவிரல் ஓரத்தில் எலும்பு ஒரு சின்ன வெங்காயம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. "உப்பிப்போன ரெண்டு பன்னு" என்பான் அவள் புருஷன் டூகி. அப்படிச் சொல்லிவிட்டு அதே வீட்டில் உட்கார்ந்து சோறு தின்னக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

ஆனால் அந்தப் பாதங்களை நம்பித்தான் பிட்கேரி ஊர் பேண்டு நடந்தது. பேக்பைப்காரர்கள் குழல் செருகிய பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கன்னம் புடைக்க ஊதுவார்கள், சின்ன டிரம்காரர்கள் படபடவென்று பொரிவார்கள், பார்க்கிற ஜனம் அவர்களைத்தான் பார்க்கும். கால் எடுத்து வைப்பதெல்லாம் பெரிய டிரம்மின் அடிக்குத்தான். அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு வருகிறவள் வில்மா. அவள் அடித்தால் ஊர் நடக்கும், நிறுத்தினால் நிற்கும். வீட்டில் டூகியும் கொட்டகையில் மேஸ்திரியும் அவள் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் இருபது பேர் அவள் கைக்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள் என்றால், அந்தச் சுகத்தை அவள் எதற்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

வினை வந்தது லாக்லன் பீட்டியின் ரூபத்தில். எடின்பரோவில் ஏதோ இன்சூரன்ஸ் ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்று, கடல் காற்று வாங்க பிட்கேரிக்கு வந்த மனுஷன். நன்றாக ஊதுவார், அதை மறுப்பதற்கில்லை. வந்த வருஷமே பேண்டுக்குத் தலைவராக, அதாவது பைப் மேஜராக, ஆகிவிட்டார். பிட்கேரி பேண்டு அதுவரை எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது, அவர்கள் அவ்வளவு நன்றாக வாசிக்கவில்லை. லாக்லன் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டு வேறு வழி யோசித்தார்.

"வாசிப்புல நாம ஜெயிக்க இன்னும் பத்து வருஷம் ஆகும்" என்றார், ஒரு வியாழக்கிழமை ஒத்திகையில். "ஆனா நம்ம ஊர் விளையாட்டு விழாவுல உடைக்கும் நடைக்கும் தனியா ஒரு கோப்பை இருக்கு. அதை இந்தத் தடவை தூக்குறோம். இடுப்புல கட்டற கில்ட் பாவாடை எல்லாம் சரியாத்தான் இருக்கு. காலைப் பாருங்க! ஒருத்தர் ஆபீஸ் ஷூ, ஒருத்தர் பூட்ஸு. ஆர்ச்சி, உங்க கால்ல இருக்கறது என்ன?"

"தபால்காரன் ஷூ" என்றார் ஆர்ச்சி. ஓய்வு பெற்ற லாரி டிரைவர், பேண்டிலேயே மூத்த பேக்பைப்காரர். "தபால்காரன் குடுத்தது."

இனிமேல் எல்லாரும் ஒரே மாதிரி, முறையான கில்ட் ஷூதான் என்று முடிவானது. அங்கே எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம்தான்: லேஸுக்கு அடியில் வருகிற நாக்கு இல்லாத கறுப்புத் தோல் ஷூ, நீள நீளமான லேஸ், அதை முறுக்கிக் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு வந்து முன்னால் முடிச்சுப் போட்டால் குஞ்சம் இரண்டும் வெள்ளைச் சாக்ஸின் மேல் ஆடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கடையில் விலை கேட்டால் அந்த அழகு பறந்துவிடும். அதனால் லாக்லன் மொத்தமாக ஒரு லாட் பிடித்தார். விலை மலிவு. எல்லாம் ஆண்கள் அளவு, எல்லாம் ஒடுக்கம்.

பெட்டிகள் வந்த அன்று ஆளாளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். "எப்படி இருக்கு?" என்று லாக்லன் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"மோசமில்ல" என்றார் ஆர்ச்சி, முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"மோசமில்ல" என்றான் அடுத்தவன், ஒற்றைக் காலில் நின்றபடி.

பிட்கேரிக்காரர்களின் சாபக்கேடு இது. வீடு பற்றி எரிந்தாலும், பெண்டாட்டி ஓடிப்போனாலும், எப்படியப்பா இருக்கே என்றால் 'மோசமில்ல' என்பார்கள். அதற்கு மேலே சொன்னால் கௌரவக் குறைச்சல். அந்த ஹாலில் அன்று இருபது ஜோடிக் கால்கள் வாய்விட்டு அழுதிருக்கும், ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

வில்மாவின் வாய் திறந்தது. "இது ஷூ இல்ல, எலிப்பொறி. நீளத்துல என் கால் உள்ள நீச்சலடிக்குது, அகலத்துல மாட்டிக்கிட்டு முழிக்குது."

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்குங்க வில்மா" என்றார் லாக்லன்.

"அகலத்துக்கு என்ன போட்டுக்கறது? வெண்ணெயா?"

"சின்ன லேடீஸ் அளவு இந்த லாட்ல இல்ல. வேற இடத்துல பார்த்து வாங்கிக்குங்க. ஆனா விழா அன்னிக்கு அணிவகுப்புல எல்லார் காலும் ஒரே மாதிரி இருக்கணும். ஷூ இல்லாதவங்களுக்கு அணிவகுப்பு இல்ல. விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

சரி, விதிதானே, பார்த்துவிடலாம் என்று மறுநாளே டண்டி நகரத்துக்குப் பஸ் ஏறினாள். கில்ட் தைக்கிற பெரிய கடை. தரையெல்லாம் கம்பளம், சுவரில் மான் தலை. விற்பனைக்கு நின்ற பையன் அவள் கேட்டதைக் கேட்டுவிட்டு, வலிக்காமல் சிரித்தான்.

"லேடீஸ் பொதுவா இந்த ஷூ போடறதில்லையே மேடம். மெல்லிசா ஒரு டான்ஸ் ஷூ இருக்கு, காட்டட்டுமா?"

"நான் ஆடப் போகலப்பா. என் உசரத்துக்குப் பாதி இருக்கற டிரம்மைக் கட்டிக்கிட்டு மேடு ஏறப் போறேன்."

பையன் உள்ளே போய் அளவுப் பலகையைக் கொண்டுவந்தான். அவள் பாதத்தை அதில் வைத்ததும் இரண்டு பக்கமும் வழிந்தது. மரியாதை தெரிந்த பையன், பார்வையைச் சுவர் மானிடம் திருப்பிக்கொண்டான். அளவெடுத்துத் தைக்கலாம், குளிர்காலத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லி ஒரு விலையும் சொன்னான்.

"அந்தக் காசுக்கு என் வீட்டுக் கூரையையே மாத்திடலாம்பா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசல் வரை தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனாள். வெளியே வந்த பிறகு கண்ணில் நீர் முட்டியது. விலைக்காக இல்லை. பலகையில் வழிந்த தன் பாதத்தை அந்தச் சின்னப் பையன் பார்க்காத மாதிரி பார்த்தானே, அதற்காக.

தானமாக வந்த பழைய சாமான் விற்கிற தர்மக் கடைகளையும் விடவில்லை. டண்டியில் நாலு தெரு, ஆர்புரோத்தில் இரண்டு தெரு. யாரோ செத்துப்போன பாதிரியாரின் கில்ட் ஷூ ஒன்று கிடைத்தது. அகலம் சொர்க்கம். நீளத்துக்கு உள்ளே ஒரு பூனையைக் குடிவைக்கலாம். கம்ப்யூட்டரில் பார்த்து வரவழைத்த ஜோடி, தோல் என்று சொல்லி வந்த பிளாஸ்டிக். அதற்குள் நுழைய அவள் பெருவிரலுக்கு மட்டும்தான் அனுமதி கிடைத்தது. திருப்பி அனுப்பித் தபால் ஆபீசில் வரிசையில் நின்றதுதான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை லாக்லனின் எலிப்பொறியையே மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள். துறைமுகத்தைச் சுற்றி நடை. முதல் வளைவிலேயே இடது கால் எரிய ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் அந்தக் காலை முழுக்க ஊன்ற முடியவில்லை. கால் தயங்கினால் கையும் தயங்கும். டிரம் அடிக்கிறவளுக்குக் கையும் காலும் ஒன்றுதான். வலது அடி டம் என்று விழுந்தது, இடது அடி கொஞ்சம் பொறுத்து விழுந்தது. டம்... அப்புறம் டம். பின்னால் வந்த பேண்டு முழுக்க அந்தத் தாளத்துக்கே நொண்டியது. இருபது பேரும் ஒரே சீராக, ஒழுங்காக, அழகாக நொண்டினார்கள்.

நண்டுக் கூடை அடுக்கிக்கொண்டிருந்த மீனவன் ஒருவன் எழுந்து நின்றான். "என்னப்பா இது, ஒரு முள்ளு எல்லார் கால்லயும் ஏறிடுச்சா?"

துறைமுகமே சிரித்தது. லாக்லனின் முகம் வெளுத்தது. "யார் நடையைக் கெடுக்கறது?" என்று பைப்காரர்களைப் பார்த்துக் கத்தினார்.

"பைப் இல்லீங்க" என்றார் ஆர்ச்சி, மெதுவாக. "டிரம்மு நொண்டுது."

"டிரம் நொண்டல" என்றாள் வில்மா. "நீங்க வாங்கின ஷூ நொண்டுது. இவங்க காலும்தான் கிழியுது. கேட்டுப் பாருங்க."

லாக்லன் கேட்டார். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். "மோசமில்ல" என்று யாரோ முனகினார்கள். வில்மாவுக்கு லாக்லன் மேல் வந்த கோபத்தைவிட அந்த முனகல் மேல்தான் அதிகம் வந்தது.

"இருபது பேரு போடற ஷூவை ஒருத்தரால போட முடியலேன்னா நான் என்ன செய்யட்டும்?" என்றார் லாக்லன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், அந்த ஆள் நயமாகக் கழுத்தறுக்கிற ரகம். "சனிக்கிழமை விழாவுக்குப் பக்கத்து ஊர் பேண்டுல மாத்து ஆளா இருக்கற ரோரி வந்து பெரிய டிரம் அடிப்பான். பேசிட்டேன். நீங்க வருத்தப்படாதீங்க, வாளி பிடிச்சுக்கலாம். அதுவும் பேண்டுக்குச் செய்யற சேவைதானே."

வாளி என்றால், அணிவகுப்பு போகும்போது ரோட்டோரத்தில் நின்று சில்லறைக்காகக் குலுக்குகிற பிளாஸ்டிக் வாளி. வாசிக்கத் தெரியாதவர்களும், பேண்டுக்காரர்களின் மாமியார்களும் பிடிப்பது. தன் சொந்த ஊரில், தான் அடித்து நடக்கவைத்த தெருவில், ஓரமாக நின்று வாளியைக் குலுக்க வேண்டும். வில்மா எலிப்பொறியை அங்கேயே கழற்றி இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, வெறும் சாக்ஸோடு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைச் சுவரில் அடித்தாள். டூகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"யாரு செத்தா?"

"இன்னும் இல்ல. சனிக்கிழமை ஒருத்தன் சாவான்."

"அப்ப உன் சாவு ஷூவை எடுத்து வைக்கட்டா?" என்றான் டூகி, விளையாட்டாக.

சாவு ஷூ என்பது அவள் சவ அடக்கங்களுக்குப் போட்டுப் போகிற கறுப்பு ஷூ. ஆஸ்பத்திரி நர்சுகள் போடுகிற மாதிரி அகலமான, லேஸ் வைத்த, மலிவான தோல் ஷூ. சந்தையில் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கல்லறை மேட்டில் எத்தனையோ மழையில் நின்றிருக்கிறாள். ஒரு நாளும் அது கடித்ததில்லை.

வில்மா அலமாரியில் இருந்து சாவு ஷூவை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் எலிப்பொறியை வைத்தாள். இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு. அதற்கு நாக்கு இல்லை, இதற்கு இருக்கிறது. அதற்கு லேஸ் நீளம், இதற்குக் குட்டை. அவ்வளவுதானே வித்தியாசம்?

"டூகி, என் கத்தி எங்க?"

"எதுக்கு?"

"நாக்கை அறுக்க."

டூகி ஒரு எட்டு பின்னால் போனான். "நான் ஒண்ணும் சொல்லலியே!"

மீன் கீறுகிற கத்தி, காலையில்தான் தீட்டியது. இரண்டு ஷூவின் நாக்குகளும் இரண்டே இழுப்பில் அடியோடு வந்துவிட்டன. எலிப்பொறியின் நீள லேஸ்களை உருவி, இதன் துளைகளில் கோத்தாள். வெள்ளைச் சாக்ஸைப் போட்டு, காலை உள்ளே விட்டு, லேஸை முறுக்கிக் கணுக்காலைச் சுற்றி முன்னால் முடிந்தாள். குஞ்சங்கள் ஆடின. எழுந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். கால் ஒன்றுமே சொல்லவில்லை. அப்படி ஒரு மௌனத்தை அவள் பாதம் பல நாளாகக் கண்டதில்லை.

"எப்படி இருக்கு?" என்றான் டூகி.

"அருமையா இருக்கு" என்றாள். பிட்கேரியில் பிறந்த ஒருத்தி வாயில் வரக்கூடாத வார்த்தை. டூகி வாயைப் பிளந்தான்.

"ஆனா அந்த ஆளு கண்டுபிடிச்சிடுவான்டி. பூ மாதிரி ஓட்டை போட்ட வேலைப்பாடு இதுல இல்லையே. நர்ஸம்மா ஷூன்னு குனிஞ்சு பார்த்தாலே தெரியுமே."

"குனிஞ்சு பார்க்கட்டும். நான் ஒளிக்கவா போறேன்?"

டிரம் அவள் வீட்டில்தான் இருந்தது. ஒத்திகை ஹால் ஈரம் பிடித்தது, தோல் கெட்டுவிடும் என்று ஒத்திகை முடிந்ததும் யாராவது அவள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். லாக்லன் அதை மறந்துவிட்டார். சனிக்கிழமை காலை டூகியிடம் டிரம்மின் வாரை முதுகுக்குப் பின்னால் மாட்டச் சொன்னாள். பழைய தோல் வார், கொக்கி முதுகுப் பக்கம். இன்னொருத்தர் கை இல்லாமல் மாட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது.

"இறுக்கு" என்றாள். "இன்னும் இறுக்கு."

துறைமுகத்தில் பேண்டு கூடி நின்றது. கடல் மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் ஜனம். ரோரி, நெட்டையான பையன், இறைச்சி வைத்த பிரைடி ஒன்றைத் தின்றுகொண்டு நின்றான். வில்மா டிரம்மோடு வந்து தன் இடத்தில் நின்றாள். லாக்லன் அவளைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், பிறகு குனிந்து காலைப் பார்த்தார். நன்றாகவே குனிந்தார்.

"இது என்ன ஷூ?"

"சாவுக்குப் போடறது" என்றாள் வில்மா. "நாக்கை அறுத்துட்டேன்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"இது முறையான ஷூ இல்ல. டிரம்மை ரோரிகிட்ட குடுங்க."

"கொக்கி முதுகுல இருக்கு. எனக்கு எட்டாது. யாரையாவது அவிழ்க்கச் சொல்லுங்க."

"ஆர்ச்சி, அவிழ்த்து விடுங்க."

ஆர்ச்சி வில்மாவின் முதுகைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அவருடைய குதிகால் சாக்ஸுக்குள் மூன்று பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, அது அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். "கை மரத்துப்போச்சுங்க" என்றார். "காலையில இருந்தே."

லாக்லன் அடுத்தவனைப் பார்த்தார். அவன் பேக்பைப்பை ஏதோ அப்போதுதான் பழுதான மாதிரி ஆராய்ந்துகொண்டிருந்தான். இன்னொருத்தி கண்ணாடி கொண்டுவரவில்லை, கொக்கி தெரியாது என்றாள். வாய் திறந்து வலிக்குதென்று சொல்ல வக்கில்லாத கூட்டம், கையைக் கட்டிக்கொண்டு நிற்க மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. வில்மாவுக்கு அது போதும்.

கடைசியில் லாக்லன், "ரோரி, நீயே எடுத்துக்கப்பா" என்றார்.

ரோரி பிரைடியை விழுங்கிவிட்டு வந்தான். வில்மாவின் காலருகே குந்தினான். "நாக்கை மட்டும்தான் அறுத்தீங்களாக்கா? லேஸு?"

"அவரு வாங்கின ஷூவுல இருந்து உருவினது."

"எங்க பேண்டு ஷூவுல என் குதிகால் போன வாரம் கிழிஞ்சு இன்னும் ஆறல" என்றான் ரோரி எழுந்துகொண்டே. "நான் அவிழ்க்கலீங்க. உங்க ஊர் சண்டை, நீங்க பார்த்துக்குங்க. அந்த வாளியை வேணா நான் பிடிக்கறேன்."

பைப் மேஜர் வாயைத் திறந்து ஆணை கொடுக்காமல் பேண்டு நகரக் கூடாது. எந்த ஊர் பேண்டிலும் இதுதான் முறை, மீறினதாக யாரும் கேட்டதில்லை. லாக்லன் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவர் திறக்காவிட்டால் ஒன்றும் நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

வில்மா கைகளை உயர்த்தி அடித்தாள்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. இரண்டாவது அடி விழுந்தபோது சின்ன டிரம்கள் தாமாகவே உருண்டன. பைகள் அமுங்கின, குழல்கள் அலறின, இருபது இடது கால்களும் முன்னால் போயின. அந்தக் கால்களுக்கு யோசித்துப் பழக்கமில்லை, அந்த அடியைக் கேட்டு நடந்துதான் பழக்கம். நடுவில் நின்ற லாக்லன் ஒன்று இடிபட்டு விழவேண்டும், இல்லை முன்னால் ஓடவேண்டும். ஓடினார். கில்ட் பறக்க ஓடிப்போய் முதல் வரிசைக்கு முன்னால் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஜனம் கை தட்டியது, இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து.

துறைமுகத்திலிருந்து மைதானத்துக்குப் போகிற தெரு கருங்கல் பாவிய செங்குத்து மேடு. வில்மா அடித்துக்கொண்டே ஏறினாள். நெஞ்சு நிறைந்திருந்தது. அடி ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்தது. பாதிவழியில், முன்னால் போகிற லாக்லனின் வெள்ளைச் சாக்ஸில் குதிகாலுக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டைக் கண்டாள். இன்னும் கொஞ்சம் ஏறியதும் பொட்டு ஒரு காசு அளவு ஆனது. அந்த மனுஷனையும் அந்த எலிப்பொறி முதல் நாளிலிருந்தே கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவரும் 'மோசமில்ல' ஜாதிதான். தாளம் இவள் கையில் இருந்தது, கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம். தளர்த்தவில்லை.

மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பரிசோதித்தார்கள். நடுவரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்து வந்தாள். வில்மாவின் காலில் பார்வை நின்றது, குஞ்சத்தைப் பார்த்தது, நகர்ந்தது. லாக்லனிடம் வந்ததும் அசையாமல் நின்றது.

"சாக்ஸ்ல ரத்தம்" என்றாள் நடுவரம்மா. "பைப் மேஜரே இப்படி வரலாமா?"

கோப்பை ரோரியின் பேண்டுக்குப் போயிற்று.

சாயங்காலம் மைதானத்திலிருந்து துறைமுகத்துக்குத் திரும்பி நடக்க வேண்டும். லாக்லன் புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியிருந்தார். திரும்ப மாட்டப் பார்த்தார், கால் வீங்கிவிட்டது, உள்ளே போகவில்லை. பேண்டு வரிசையில் நின்று காத்திருந்தது. யாரும் உதவவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

வில்மா ரோரியிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஷூ இல்லாதவங்களுக்கு அணிவகுப்பு இல்ல" என்றாள். "விதின்னா எல்லாருக்கும் விதிதான். நீங்க போட்டது."

லாக்லன் திட்டப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் விதி என்றால் அந்த ஆளுக்கு உண்மையிலேயே விதிதான். வாளியை எடுத்துக்கொண்டு, சாக்ஸ் காலோடு நொண்டி நொண்டிப் போய், மேட்டு முனையில் ரோட்டோரமாக நின்றுகொண்டார்.

அவளுக்குப் பாவமாக இருந்ததா என்று டூகி பிறகு கேட்டான். இல்லை, கொஞ்சம்கூட இல்லை.

டிரம் முழங்க பேண்டு இறங்கி வந்தது. அவருக்கு நேராக வந்ததும், கை அடித்துக்கொண்டே இருக்க, வில்மா தலையைத் திருப்பிக் கத்தினாள்:

"கால் எப்படி இருக்கு?"

லாக்லன் நிமிர்ந்தார். "மோசமில்ல."

"அப்ப வாளியை இன்னும் கொஞ்சம் பலமா குலுக்குங்க. இங்க ஒண்ணும் கேக்கல!"